பிரிம்ஃபீல்ட் சந்தை: கவிழ்த்துப் பார்த்து வாங்க ஓர் இடம்

இந்த மே மாதம் பிரிம்ஃபீல்டில் நான் வாங்கியது ஒரே ஒரு பொருள். ஒரு சாண் அகலமுள்ள வட்ட மரப்பெட்டி. மூடியும் நீலம், பக்கமும் நீலம், கை படும் இடங்களில் மட்டும் வண்ணம் தேய்ந்து மரம் தெரிகிறது. 310 டாலர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில், பண்ணை வீடு ஒன்றின் சமையலறையில் மாவோ சர்க்கரையோ போட்டு வைத்திருப்பார்கள். பேன்ட்ரி பாக்ஸ் என்று பெயர். அதைக் கையில் எடுத்து, கவிழ்த்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, டேப் வைத்து அளந்து, இருபது நிமிடம் அங்கேயே நின்றேன். விற்றவர் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. இந்தச் சந்தை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யாராவது கேட்டால் அந்த இருபது நிமிடத்தைத்தான் சொல்வேன்.

தெரியாதவர்களுக்காக: பிரிம்ஃபீல்ட், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரூட் 20 சாலையில் இருக்கும் சிறிய ஊர். 1959இல் கார்டன் ரீட் என்ற ஏலக்காரர் தன் நிலத்தில் பழம்பொருள் விற்பவர்களைக் கூட்டி ஆரம்பித்தது இன்று சாலையின் இரு பக்கமும் மைதானம் மைதானமாக விரிந்து கிடக்கிறது. மே, ஜூலை, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று முறை, செவ்வாய் முதல் ஞாயிறு வரை நடக்கும். ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒவ்வோர் உரிமையாளர். திறக்கும் நாளும் நேரமும் வேறு வேறு. சிலவற்றுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, பலவற்றுக்கு இல்லை. போகும் முன் அந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கைபேசி சிக்னலை நம்ப முடியாது.

நான் ஆறு வருடமாகச் சேர்க்கிறேன். பெரிய மேஜை, அலமாரி பக்கம் போவதில்லை. பழைய வண்ணம் அப்படியே இருக்கும் சிறு மரப்பொருட்கள், உப்பு மெருகிட்ட ஸ்டோன்வேர் (கடுஞ்சூட்டில் சுட்ட கெட்டிக் களிமண்) ஜாடிகள், அவ்வளவுதான். பதினான்கு வயது மகள் இரண்டு வருடமாகக் கூட வருகிறாள். செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே போய்விட்டோம். வேன்கள் அப்போதுதான் சாமான் இறக்கிக்கொண்டிருந்தன. புல்லில் பனி, கையில் டார்ச், சுற்றிலும் மேஜைத்துணி உதறும் சத்தம். விடியும் முன் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அல்ட்ராவயலெட் டார்ச் இருட்டில்தான் நன்றாக வேலை செய்யும். பிற்காலத்தில் பூசிய வண்ணமும் ஒட்டுப்போட்ட பிசினும் அந்த வெளிச்சத்தில் பெரும்பாலும் சுற்றியுள்ள பழைய பரப்பிலிருந்து வேறுபட்டுத் தெரியும். சூரியன் வந்துவிட்டால் பொருளை ஜாக்கெட்டுக்குள் நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். அதையும் செய்திருக்கிறேன்.

இவ்வளவு கவனம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு தடவை பட்டது போதும். மூன்று வருடத்துக்கு முன், வேறொரு மாநிலத்தில், சாலையோரக் கடை ஒன்றில் சுவரில் மாட்டும் உப்புப்பெட்டி வாங்கினேன். 1840ஐ ஒட்டியது, ஆதிச் சிவப்பு வண்ணம் என்றார்கள். 240 டாலர் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, பலகையில் விழுந்திருந்த விரிசலின் உள்ளேயும் சிவப்பு வழிந்து போயிருந்தது. யோசித்துப் பாருங்கள்: மரம் காய்ந்து பிளக்கப் பல காலம் ஆகும். முதலிலேயே பூசிய வண்ணமென்றால் மரம் பிளக்கும்போது வண்ணமும் சேர்ந்து பிளந்திருக்க வேண்டும். விரிசலின் உள்பக்கம் வெறும் மரமாக இருக்க வேண்டும். உள்ளே வண்ணம் இருந்தால், பிளந்த பிறகு யாரோ பூசியிருக்கிறார்கள். அப்புறம் ஆணிகளைப் பார்த்தேன். எல்லாம் உருண்டைத் தலைக் கம்பி ஆணி. அவை பரவலாக வந்தது 1890களில். 1840 பெட்டியென்றால் இயந்திரத்தில் வெட்டிய சதுர ஆணி இருந்திருக்கும். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். ரசீதில் 'மரப்பெட்டி' என்று மட்டுமே எழுதியிருந்தது.

பிரிம்ஃபீல்டில் நீலப் பெட்டி விற்ற பெரியவரிடம் ரசீது கேட்டதும் ஒரு நோட்டை எடுத்து, உத்தேசக் காலம், முதல் வண்ணம், அடியில் ஓர் ஆணி பிற்காலத்தது என்று வரி வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ஓர் ஆணியை நான் கவனித்திருக்கவில்லை. அவரேதான் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். "முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள், மேல்பக்கம் எல்லோரும் பார்ப்பதற்கென்றே இருக்கிறது" என்றார். இப்படிப்பட்ட வியாபாரிகள் அங்கே எல்லோரும் இல்லை, ஆனால் இருக்கிறார்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் நான் இப்போது வாங்குவதே இல்லை.

அளப்பது எதற்கென்று சொல்லிவிடுகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. மரம் காயும்போது நாரின் குறுக்கே சுருங்கும். நாரின் நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்காது. அதனால் வட்டமாக வெட்டிய பலகை நூற்றைம்பது வருடத்தில் கொஞ்சம் முட்டை வடிவமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, டேப்புக்குத் தெரியும். என் பெட்டியின் மூடி ஒரு பக்கம் ஒன்பதேகால் அங்குலம், குறுக்கே ஒன்பது அங்குலத்தைக் கொஞ்சம்தான் தாண்டியது. போன மாதம் செய்து பழையது போலத் தேய்த்து வைத்த பெட்டியில் இரண்டு அளவும் ஒன்றாகவே வரும். இன்னொன்று, பக்கவாட்டில் வளைத்த மெல்லிய பலகையைப் பிடித்திருக்கும் இரும்பு ஆணிகளைச் சுற்றிக் கருப்பாகக் கறை பரவியிருக்கிறதா என்று பாருங்கள். துரு மரத்தில் இறங்க நாளாகும்.

அதே வரிசையில் நாலு கடை தள்ளி இன்னொரு பெட்டி, பச்சை வண்ணம், இன்னும் அழகு, 425 டாலர். எனக்குக் கை பரபரத்தது. மகள் மூடியைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, மூடில செப்பு ஆணி, பெட்டில இரும்பு ஆணி" என்றாள். ஆமாம். மூடியின் பச்சையும் பெட்டியின் பச்சையும்கூட வெயிலில் வைத்துப் பார்த்தால் ஒன்றில்லை. இரண்டு வேறு பெட்டிகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியது. இந்த வியாபாரத்தில் அதற்கு 'மேரேஜ்' என்றே பெயர். கடைக்காரரிடம் சொன்னோம். எடுத்துப் பார்த்துவிட்டு, "நான் வாங்கும்போது கவனிக்கவில்லை" என்று விலைச்சீட்டைக் கழற்றிவிட்டார். அவளை அன்று முழுக்கத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஜாடிகள் பற்றி எழுதாமல் விட முடியாது. உப்பு மெருகிட்ட ஸ்டோன்வேரைப் பார்த்தால் நம் ஊறுகாய் ஜாடியின் சொந்தம் என்று உடனே தோன்றும். சாம்பல் நிற உடம்பு, ஆரஞ்சுத் தோல் போல நுண்ணிய குழிகள், நெற்றியில் கோபால்ட் நீலத்தில் ஒரு பூவோ பறவையோ. சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உள்ளே உப்பைப் போடுவார்கள். உப்பு ஆவியாகி, அதிலிருக்கும் சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து மேலே கண்ணாடியாகப் படியும். ஜாடியின் உள்பக்கம் ஆவி போய்ச் சேராது. அதனால் உள்ளே நியூயார்க் மாநிலத்து ஆல்பனி பக்கத்து மண்ணைக் கரைத்துப் பூசுவார்கள், பழுப்பாகப் பளபளக்கும். வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் ஊரில் நார்டன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தது. 'இ. அண்ட் எல். பி. நார்டன்' என்று முத்திரை இருந்தால் 1861க்கும் 1881க்கும் இடைப்பட்டது. பக்கத்தில் 2 என்று குத்தியிருந்தால் 2 காலன், அதாவது ஏழரை லிட்டர் பிடிக்கும். 1858இல் ஜான் மேசன் திருகுமூடிக் கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார். கண்ணாடி மலிவாக வர வர இந்த ஜாடிகளுக்கு வேலை குறைந்துபோனது.

பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது நமக்குத் தெரியாததா என்ன. அதே வித்தைதான் இங்கும். விரல் முட்டியால் தட்டினால் முழு ஜாடி கணீரென்று பேசும், விரிசல் விட்டது தொண்டை கட்டினாற்போலச் சொத்தென்று சொல்லும். நீலப் படம் மெருகுக்கு அடியில் இருக்க வேண்டும். வெறும் ஜாடியின் மேல் பின்னாளில் வண்ணம் தீட்டி விலையை ஏற்றுகிறவர்கள் உண்டு. அல்ட்ராவயலெட் வெளிச்சம் அங்கேயும் கைகொடுக்கும். ஒரு நார்டன் ஜாடி பார்த்தேன், இலைக்கொத்து ஒரே மூச்சில் போட்டது போல, 375 டாலர். கழுத்தில் மெல்லிய விரிசல் இருந்தது, விற்றவரும் மறைக்கவில்லை. கடைசி விலை என்ன என்று கேட்டேன். 300 என்றார். விரிசலுள்ள பொருளுக்கு எனக்கு அது அதிகம். விட்டுவிட்டேன்.

கந்தல் துணிக் கீற்றுகளைக் கொக்கியால் இழுத்துச் செய்யும் தரைவிரிப்புகளும் நிறைய இருந்தன. மெயின் மாநிலத்துப் பெண்கள் வீட்டுக் கந்தலை வைத்துச் செய்தவை. பின்பக்கத்தைத் திருப்பினால் சாக்குத்துணி. அந்தச் சணல் வங்காளத்தில் விளைந்தது. அமெரிக்க நாட்டுப்புறக் கலை என்று கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைக்கும் பொருளின் முதுகில் நம் பக்கத்து வயல் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை நினைத்து அதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றேன்.

ஒரு கூடாரத்தில் குழந்தை உருவப்படம் ஒன்று. தட்டையான முகம், நிழலே இல்லை, பெரிய கண்கள். ஊர் ஊராகப் போய் வரைந்த ஓவியர்களின் பாணி. அவர்களில் ஒருவரான வில்லியம் மேத்யூ பிரையர், நிழல் போடாத தட்டைப் படம் வேண்டுமென்றால் கால் பங்கு விலை என்று விளம்பரமே செய்தவர். கால் பங்கு விலைக்கு வரைந்தவற்றைத்தான் இன்று அருங்காட்சியகங்கள் தேடுகின்றன. அந்தப் படத்தின் விலை என் கைக்கு எட்டாதது, கேட்டுவிட்டு நன்றி சொல்லி நகர்ந்தோம். ஆனால் ஓர் அடி தூரத்தில், கயிறு கட்டாமல், காவலர் இல்லாமல் அதைப் பார்க்க முடிந்தது.

குறைகளும் உண்டு. ஆரம்பகால அமெரிக்கப் பொருட்கள் மட்டும் வேண்டுமென்று போகிறவர்கள் நிறைய நடக்க வேண்டும். பாதிக்கு மேல் 20ஆம் நூற்றாண்டுச் சாமான்கள்: பழைய விளம்பரத் தகடு, நகை, ஐம்பதுகளின் நாற்காலி. புதிதாகச் செய்து பழுப்பேற்றிய காற்றுத்திசைகாட்டிச் சேவல்கள் எக்கச்சக்கம். செம்புப் பச்சை ஒரே சீராக, பெயிண்ட் அடித்தாற்போல இருந்தால் கிட்டப் போகாதீர்கள். மழை பெய்தால் மைதானம் சேறு, ரப்பர் பூட்ஸ் கட்டாயம். வாகனம் நிறுத்தக் கட்டணம் தனி. சாப்பாடு சுமார், விலை அதிகம். நாங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம். பலர் ரொக்கம்தான் விரும்புகிறார்கள், பேரம் பேசவும் அதுதான் வசதி. சனி, ஞாயிறு போனால் நல்லவை போயிருக்கும், ஆனால் திரும்பச் சுமக்க மனமில்லாமல் விலையைக் குறைப்பார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு அந்த நாட்களே போதும்.

முதல் தடவை என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். அதே ரூட் 20இல் கொஞ்ச தூரத்தில் ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் இருக்கிறது. 1830களின் நியூ இங்கிலாந்து கிராமத்தை அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். குயவர், தகர வேலைக்காரர், பீப்பாய் செய்பவர் கண்ணெதிரில் வேலை செய்வார்கள். முந்தின நாள் அங்கே சுற்றிவிட்டு மறுநாள் சந்தைக்குப் போனால் கண் வேறு மாதிரி வேலை செய்யும். அசலை நிறையப் பார்த்த கண்ணும் ஏமாறலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ரோட் ஐலண்டு சிற்பி அர்மண்ட் லாமொன்டான் 1969இல் 17ஆம் நூற்றாண்டு பாணியில் ஒரு நாற்காலி செய்து, நிபுணர்களை ஏமாற்ற முடியுமா என்று பார்க்கவே அதை வெளியே விட்டார். ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகம் அதை 9,000 டாலருக்கு வாங்கியது. துளைகள் நவீனத் துளைக்கருவியால் போட்டவை என்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. அவ்வளவு பெரிய இடமே நாற்காலியின் உள்ளே பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தது. ஆகவே ஒரு பெட்டிக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்ள நான் கூச்சப்படுவதில்லை, நீங்களும் படாதீர்கள்.

ஜூலைக்கு மறுபடி போகிறோம். மகள் தன் சேமிப்பில் 60 டாலர் எடுத்து வைத்திருக்கிறாள், வெண்ணெய் அச்சு வாங்க வேண்டுமாம். பண்ணைப் பெண்கள் தங்கள் வெண்ணெய்க் கட்டியின் மேல் பதிக்கும் கைப்பிடி வைத்த மர அச்சு. கதிர், பசு, நட்சத்திரம் என்று குடைந்திருக்கும். பசு கிடைத்தால் பசு, இல்லையென்றால் கோதுமைக் கதிர் என்று முடிவு செய்திருக்கிறாள். டேப்பை இப்போதே பையில் போட்டாயிற்று.