பல்லே வாஹல நூதனசாலை: நாங்கள் பார்க்கப் போனது கூரையை

பல்லே வாஹல என்ற பழைய அரண்மனை வீட்டில் இருக்கும் கண்டி தேசிய நூதனசாலைக்குப் போகிறவர்கள் வாளையும் நகையையும் ஏட்டுச்சுவடியையும் பார்க்கப் போவார்கள். நாங்கள் போனது சுவரையும் கூரையையும் பார்க்க. நான் ஹட்டனில் வீட்டு பிளான் வரைகிறவன், பிரதேச சபையில் பாஸாகிற அளவுக்கு. மகள் கட்டடக்கலை படிக்கிறாள். கண்டி அரண்மனை வளாகத்துக்குள் புதிதாக ஒரு நூதனசாலை வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். படிப்புக்கான வேலைதான், யாரும் கட்டப்போவதில்லை. ஆனாலும் அவளுடைய முதல் வரைபடத்தில் மூன்று மாடியும் முகப்பு முழுக்கக் கண்ணாடியும் இருந்ததால், "வா மகள், அங்கே இருக்கிறதை முதலில் பார்ப்போம்" என்று பஸ் ஏறினோம்.

நூதனசாலை, புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகைக்குப் பின்பக்கம் இருக்கிறது. மாளிகை டிக்கெட்டோடு சேராது, தனி டிக்கெட். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அதாவது நம்ம கண்ணுசாமி, காலத்தில் ராணிமார் இருந்த வீடு. 1942 இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். வெளியே தடித்த சுவரைக் காட்டி, உள்முற்றத்தைப் பார்த்துத் திறந்துகொள்ளும் தாழ்வான கட்டடம். முற்றத்து வெளிச்சம் இருப்பதால், எந்தப் பக்கம் வந்தோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று குழம்புவதில்லை. பெரிய பெரிய நூதனசாலைகளில் அம்புக்குறி ஒட்டிச் சமாளிக்கிற விஷயம் இது.

ஆனால் வீடு வீடுதான். காட்சிக்கு வைப்பதற்கென்று கட்டிய அறைகள் இல்லை. இடம் போதவில்லை என்று சுவரை இடிக்கவும் முடியாது. 1988 இலிருந்து கண்டி உலக மரபுரிமை நகரம். ஆகவே, புதிய கட்டடம் ஒன்று வேண்டுமா, வந்தால் எப்படி வரவேண்டும் என்பது நியாயமான கேள்விதான்.

அதற்குப் பதில் தேடித்தான் மேலே ராஜபிஹில்ல மாவத்தைப் பக்கம், ஊரை மேலிருந்து பார்க்கும் ஆதர்ஸ் சீட் என்ற இடத்துக்கு ஏறினோம். இந்த விமர்சனத்தில் நான் அடித்துச் சொல்வது இதைத்தான்: நூதனசாலையைப் பார்த்தவர்கள் அங்கேயும் ஏறிப் பார்க்க வேண்டும். கண்டி குழிக்குள் இருக்கும் ஊர். சுற்றியுள்ள மலையிலிருந்து எல்லோரும் கீழே பார்க்கிறார்கள். இங்கே கட்டடத்தின் முகம் அதன் கூரை. கண்டிக் கூரை மேலே செங்குத்தாக இறங்கி, பாதியில் மடிந்து, தாழ்வாரத்துக்கு மேல் சாய்வு குறைந்து விரியும். அழகுக்காக மட்டும் இல்லை. மேல்பகுதி மழையை வேகமாக இறக்கும், கீழ்ப்பகுதி அந்தத் தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி எறியும். கண்டி மழைக்குப் பீலியை மட்டும் நம்பி வரைகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்தால் நல்லது. இந்தக் கூரைகளுக்கு நடுவே மொட்டைமாடியும் தண்ணீர்த் தாங்கியும் ஏசி பெட்டியும் வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். மகள் பேசவில்லை. சரி, வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உடனே அடுத்த யோசனை வந்தது. "அப்படின்னா நிலத்துக்குக் கீழே கட்டலாமே அப்பா?" கீழே தெரிந்த கண்டி வாவியைக் காட்டினேன். 1807 இல் வெட்டத் தொடங்குவதற்கு முன்னால் அது வயல். அந்த ஈரத்தில் நிலத்துக்குக் கீழே அறை தோண்டி ஓலைச்சுவடியை வைத்தால், காலமெல்லாம் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்.

பழசைப் போலவே போலியாகக் கட்டச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த வளாகமே ஒரே காலத்தது இல்லை. 14 ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடமான நாத தேவாலயம், செதுக்கிய மரத்தூண்களோடு அரசவை மண்டபமான மகுல் மடுவ, பிரித்தானியர் கட்டி இப்போது சர்வதேச பௌத்த நூதனசாலையாக இருக்கும் கட்டடம் எல்லாம் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் 1982 இல் திறந்த நாடாளுமன்றத்துக்குக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா அதே கண்டிச் சாய்வைச் செம்புத் தகட்டில் போட்டார். நகல் என்று யாரும் சொல்ல முடியாது.

மலையகத்தில் இன்னொரு காட்சியகத்துக்கும் போயிருக்கிறேன். பெயர் வேண்டாம். பழைய சுவருக்கு மேல் சீமெந்து பூசி, பளபளப்பாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சுண்ணாம்புச் சாந்து உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விடும், சீமெந்து விடாது. பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக உரிந்து, கண்ணாடிப் பெட்டி மேல் விழுந்து கிடந்தது.

பல்லே வாஹலவுக்குப் போவதானால் தலதா மாளிகையின் எசல பெரஹர ஊர்வல நாட்களைத் தவிருங்கள், அந்தக் கூட்டத்தில் ஒன்றையும் நின்று பார்க்க முடியாது. திறக்கும் நாளையும் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளோடு போனால் முதலில் முற்றத்தைக் காட்டுங்கள், பொருட்களை அப்புறம் பார்க்கலாம். நான் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

மகளின் புதிய வரைபடத்தில் இப்போது ஒரே தளம், நடுவில் முற்றம். கழிப்பறையை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் சண்டை.