"எல்லா வயதினருக்கும் ஏற்றது" என்று போட்டிருக்கும் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். மீன் ஸ்பா (தொட்டியில் காலை வைத்தால் மீன்கள் இறந்த தோலைத் தின்னும்), ஜக்குஸி என்கிற வெந்நீர்த் தொட்டி, இருட்டறையில் இரவுச் சாப்பாடு, கடைசியில் புகை விடும் இனிப்பு, எல்லாம் ஒரே இடத்தில் ஒரே கட்டணத்தில் என்று விளம்பரம் வந்தது. படங்கள் பிரமாதம். வழக்கமாக ஊர் சுற்றிப் பார்த்து ஓட்டலில் சாப்பிட்டுத் தூங்குவதற்கு மாற்றாக இருக்குமே என்று கட்டினோம். மாமியாருக்குப் பல வருடமாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு. பெரியவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, தொண்டை வீங்கிவிடும். சின்னவள் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. இவ்வளவையும் பணம் கட்டும் முன்பே எழுதிக் கேட்டேன். "ஒரு பிரச்சினையும் இல்லை மேடம், எங்களிடம் வருகிறவர்கள் முக்கால்வாசி உங்களை மாதிரி குடும்பம்தான்" என்று பதில் வந்தது.

எனக்கு இப்போது கோபம் வருவது அந்தப் பதிலை நினைத்துத்தான். ஏனென்றால் இந்த வகை அனுபவங்களில் பெரும்பாலானவை யாருக்காவது கூடாதவை. சிலது குழந்தைகளுக்குக் கூடாது, சிலது சர்க்கரை உள்ளவர்களுக்கு, சிலது கர்ப்பிணிகளுக்கு. ஒழுங்காக நடத்துகிறவர்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள், வயது கேட்பார்கள், உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள், சிலரை வேண்டாம் என்று திருப்பியே அனுப்புவார்கள். எல்லாரும் வரலாம் என்கிறவனுக்கு ஒன்று விஷயம் தெரியாது, இல்லை தெரிந்தும் காசுதான் முக்கியம்.

மீன் ஸ்பாவில் ஆரம்பித்தார்கள். கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் லேசாகக் கலங்கி, ஓரத்தில் நுரை மாதிரி ஒரு கோடு. முந்தைய ஆள் காலை எடுத்த கையோடு எங்களை உட்காரச் சொன்னார்கள், அவர் காலிலிருந்து சொட்டிய தண்ணீர்கூடப் பெஞ்சில் காயவில்லை. காலைக் கழுவச் சொல்லவில்லை, வெட்டோ புண்ணோ இருக்கிறதா என்று பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் குனிந்து தொட்டியின் பின்னால் பார்த்துவிட்டு, "தம்பி, ஃபில்டர் ஓடுதா?" என்று கேட்டார். "ஓடிக்கிட்டேதான் சார் இருக்கு" என்றான் அந்தப் பையன். மோட்டாரின் ஒயர் சுவிட்ச் போர்டுக்குக் கீழே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, பிளக்கே மாட்டவில்லை. ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மாமியார் ஆசையாகக் காலை நீட்டினார். நான் "வேணாம் அத்தை" என்று தடுத்ததற்கு அந்தப் பையன், "பாட்டி, சர்க்கரைக்கு ரொம்ப நல்லது, ரத்த ஓட்டம் வரும்" என்றான். இதைவிட ஆபத்தான பொய் வேறு கிடையாது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் மீன் ஸ்பா கூடவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தோல் கீறினாலும் தெரியாது, தெரியும்போது புண்ணாகி இருக்கும்.

மீன் விஷயத்திலேயே இன்னொரு ஏமாற்று உண்டு. இதற்கென்று பெயர் போன மீன் காரா ரூஃபா, துருக்கிப் பக்கத்து மீன், அதற்குப் பல் கிடையாது, உதட்டால் உரசி இறந்த தோலை எடுக்கும், கூச்சமாக இருக்கும், வலிக்காது. அதே பெயரில் பல இடங்களில் சின்சின் என்ற வேறு மீனை விடுகிறார்கள். அது வளர வளரப் பல் முளைக்கும், ரத்தம் வருகிற அளவுக்குக் கடிக்கும். எங்கள் தொட்டியில் இருந்தது எது என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் பெரியவன் "அம்மா, குத்துது" என்று காலை இழுத்தபோது குதிகாலுக்கு மேலே ஊசிமுனை அளவுக்குச் சிவப்பாக இரண்டு புள்ளி. அதோடு எழுந்துவிட்டோம். அமெரிக்காவில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்த மீன் ஸ்பாவைத் தடை செய்திருப்பதற்குக் காரணம் ரொம்ப எளிது: ஒருவர் காலை வைத்து எடுத்ததும் பாத்திரத்தைக் கிருமிநாசினி போட்டுக் கழுவலாம், மீனை அப்படிக் கழுவ முடியாது. அதே மீன் அடுத்த காலுக்குப் போகிறது. தோலைத் தின்ன வேண்டும் என்பதற்காக அதைப் பட்டினி போடுகிறார்கள் என்பது தனிக் கொடுமை.

அப்புறம் ஜக்குஸி. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெந்நீர்த் தொட்டியில் தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையை இறக்கவே கூடாது, உடம்பு சீக்கிரம் சூடாகிவிடும். குளோரின் அளவு குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் மூன்று பங்கு) இருக்க வேண்டும். அங்கே வெப்பமானியும் இல்லை, அளவு எழுதி வைக்கும் பலகையும் இல்லை. சின்னவளை இறக்கலாமா என்றதற்கு "மடியில வச்சுக்கோங்க மேடம்" என்றார்கள். நான் மட்டும் இறங்கினேன். உள்சுவரில் கை வைத்தால் வழுவழுவென்று இருந்தது, பாசி பிடித்த படிக்கட்டைத் தொட்ட மாதிரி. வெளியே வந்து உடனே குளித்தும் இரண்டொரு நாளில் நீச்சல் உடை மூடியிருந்த இடமெல்லாம் அரிப்போடு சிவப்புப் பருக்கள். டாக்டர் பார்த்ததுமே கண்டுபிடித்தார், சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா, குளோரின் சரியாகப் போடாத வெந்நீர்த் தொட்டிகளில் இது சகஜமாம். யாருக்காவது இப்படி ஆனால் எந்தத் தொட்டியில் இறங்கினீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி இருட்டுச் சாப்பாடு. எனக்கு இதன்மேல்தான் அதிக ஆசை இருந்தது. 1999-இல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக்கில் இப்படி ஓர் உணவகம் திறந்தார்கள், பாரிஸில் 2004-இல் இன்னொன்று வந்தது, அதற்கப்புறம் உலகம் முழுக்கப் பரவியது. அங்கெல்லாம் பரிமாறுகிறவர்கள் பார்வையற்றவர்கள் அல்லது பார்வைக் குறைபாடு உள்ளவர்கள். நம் கையைத் தங்கள் தோளில் வைக்கச் சொல்லி நாற்காலிவரை அழைத்துப் போவார்கள். கண் தெரிகிற நாம் அவர்களை நம்பி நடக்க வேண்டியிருக்கிறது, அந்த அனுபவத்தின் உயிரே அதுதான். வெளிச்சம் வரும் ஃபோன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள். என்ன சாப்பாடு என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் எது ஒத்துக்கொள்ளாது என்று உள்ளே விடும் முன் கேட்டுக்கொள்வார்கள். தட்டில் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாதவருக்கு அந்தக் கேள்விதான் பாதுகாப்பு.

எங்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ஒரு சாதாரண ஹாலில் கறுப்புத் திரை. கதவுக்கு அடியிலிருந்து வெளிச்சம், ஏசியில் பச்சை விளக்கு. பரிமாறியவர்கள் வாயில் ஃபோனைக் கவ்விக்கொண்டு டார்ச் அடித்தார்கள், அந்த வெளிச்சத்தில் பக்கத்து மேசைக்காரரின் முகம் தெரிந்தது. இதெல்லாம் வெறும் ஏமாற்றம், சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் ஒருவர்கூட ஒவ்வாமை பற்றிக் கேட்கவில்லை. நானே சமையலறை வாசலுக்குப் போய்க் கேட்டபோது, "சர்ப்ரைஸ் மெனு மேடம், சொன்னா மஜா போயிடும்" என்றார் மேனேஜர். என் மகனுக்கு மூச்சு நின்றால் போகிற மஜாவைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை போல. முன்பே எழுதிக் கேட்டேனே என்று ஃபோனைக் காட்டினேன், "அது புக்கிங் டீம், எங்களுக்கு வராது" என்றார். பெரியவனுக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை, பையில் இருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

புகை விடும் இனிப்பு வந்ததும் குழந்தைகள் குதித்தார்கள். கிண்ணத்தின் அடியில் இன்னும் திரவம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் புகைக்காக ஊற்றுவது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும். அது முழுக்க ஆவியாகிப் போன பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். பரிமாறியவரோ "உடனே சாப்பிடுங்க, அப்பதான் வாயிலேருந்து புகை வரும், நான் வீடியோ எடுக்கிறேன்" என்றார். 2012-இல் இங்கிலாந்தில் தன் 18-வது பிறந்தநாளில் திரவ நைட்ரஜன் ஊற்றிய பானத்தைக் குடித்த ஒரு பெண்ணின் இரைப்பையையே அறுவை சிகிச்சையில் எடுக்க வேண்டியிருந்தது. பரிமாறும் இடத்தில் நைட்ரஜன் சேர்க்கும் தின்பண்டங்களைத் தவிர்க்கச் சொல்லி 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் எச்சரித்தது. கிண்ணங்களை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்தோம். சின்னவள் அழுத அழுகை இருக்கிறதே, மொத்த ஹாலும் எங்களைத்தான் பார்த்தது. பார்க்கட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "நீங்களாகத்தான் பாதியில் எழுந்தீர்கள், சேவை வழங்கப்பட்டுவிட்டது." வேண்டுமானால் அடுத்த விடுமுறைக்குச் சலுகைக் கூப்பன் தருகிறார்களாம். மறுபடி அதே தொட்டியில் காலை வைக்க எனக்கென்ன தலையெழுத்தா?

முன்பணத்தைக் கார்டில் கட்டியிருந்தோம். மீதியைத் தள்ளுபடி தருகிறோம் என்று ஆசை காட்டி வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொன்னார்கள். ஏன் என்று இப்போது புரிகிறது. கார்டில் போன பணத்துக்கு, சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் தகராறு எழுப்பலாம். நேராக அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது குதிரைக் கொம்பு. முன்பதிவின்போது நான் கேட்ட கேள்விகள், அவர்கள் எழுதிய பதில், பிளக் இல்லாத மோட்டார் படம், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் வைத்து வங்கிக்கு எழுதினேன். சில வாரம் இழுத்தடித்த பின் கார்டில் கட்டியது திரும்பி வந்தது. மற்றது போனது போனதுதான். உள்ளூர் சுகாதாரத் துறைக்கும் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

இந்த மாதிரி ஏதாவது ஒன்றுக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? கிளம்பும் முன் குறைந்தபட்ச வயது என்ன, யாருக்கெல்லாம் கூடாது, ஒவ்வாமை விவரத்தைச் சமையலறையில் யாரிடம் சொல்வது, தொட்டித் தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். ஃபோனில் பேசினால் பத்தாது, எழுத்தில் வேண்டும். மழுப்பலாகப் பதில் வந்தால் ரத்து செய்துவிடுங்கள், தர மாட்டேன் என்றால் அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு வங்கிக்குப் போங்கள். என் விஷயத்தில் வங்கி கேட்ட முதல் ஆதாரம் "ஒரு பிரச்சினையும் இல்லை மேடம்" என்ற அந்த மெசேஜ்தான்.