ஐந்து நாள் உடற்பரிசோதனைப் பயிற்சி: செவிலியர்கள் பணம் கட்டிப் போகலாமா?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். நோயாளியைத் தானே பரிசோதித்து நிலைமையைக் கணித்து, சிகிச்சையிலும் கூடுதல் பொறுப்பேற்கும் செவிலியரை நர்ஸ் பிராக்டிஷனர் என்பார்கள். அந்தப் படிப்பில் சேர வேண்டும் என்பது இரண்டு ஆண்டுக் கனவு. அதற்கு முன் என் கையையும் காதையும் கொஞ்சம் தீட்டிக்கொள்ளலாம் என்று, கடந்த மாதம் ஒரு செவிலியர் கல்லூரி நடத்திய பயிற்சிக்கு ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்வந்தேன். நோயாளியிடம் ஹிஸ்டரி, அதாவது நோயின் விவரங்களை, கேட்பதும் உடற்பரிசோதனையும்தான் பாடம். கட்டணம் 6,500 ரூபாய். மதிய உணவும் கையேடும் அதில் அடக்கம், தங்குமிடம் நம் செலவு. குறைகளையும் சொல்லப் போவதால் கல்லூரியின் பெயரை எழுதவில்லை. அங்கே மனம்வைத்து உழைத்த இரண்டு பயிற்றுநர்களுக்கு என்னால் சங்கடம் வரக் கூடாது.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம். மூன்றாம் நாளுக்காகவே போகலாம். மற்ற நான்கு நாட்களைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணம்தான்.

இந்தப் படிப்பை அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம். தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் 2016இல் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுகள், மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ரெசிடென்சி முறை. பி.எஸ்சி. நர்சிங் முடித்து வார்டு அனுபவமும் உள்ளவர்களுக்கானது. நோய் உடலுக்குள் என்ன செய்கிறது, மருந்து என்ன செய்கிறது, உடலை எப்படிப் பரிசோதிப்பது என்ற மூன்று பாடங்களின் மேல்தான் மற்ற எல்லாமே நிற்கின்றன. அமெரிக்காவில் 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். அப்போதிருந்தே, கேட்டுத் தொட்டுத் தட்டிப் பார்த்து நிலைமையைச் சொல்லும் திறன் இந்த வேலையின் உயிராக இருந்துவருகிறது. முதல் இரண்டு பாடங்களைப் புத்தகம் வைத்துப் படித்துவிடலாம். மூன்றாவதை ஆள் இல்லாமல் கற்க முடியாது.

முதல் நாள் முழுக்க அரங்கில் வகுப்பு. 42 பேர். ஹிஸ்டரி எடுக்கும் வரிசையைத் திரையில் போட்டு விளக்கினார்கள்: எதற்காக வந்தார், இப்போதைய தொல்லை, முந்தைய நோய்கள், அறுவை சிகிச்சை, மருந்து, ஒவ்வாமை, குடும்பம், தொழில், பழக்கவழக்கம், கடைசியில் தலை முதல் கால் வரை ஒவ்வொரு மண்டலமாகக் கேள்விகள். வலி என்றால் எப்போது தொடங்கியது, எங்கே, எவ்வளவு நேரம், எப்படிப்பட்டது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, எவ்வளவு கடுமை என்று கேட்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் கையேட்டின் 96 பக்கமும் ஆங்கிலம். எங்களிடம் வரும் நோயாளிகளில் எத்தனை பேர் ஆங்கிலத்தில் வலியைச் சொல்கிறார்கள்?

இதுதான் இந்தப் பயிற்சியைப் பற்றி என் பெரிய மனக்குறை. வலி எப்படிப்பட்டது என்று கேட்கச் சொல்லித் தருகிறார்கள், ஆனால் அதற்கு நம் மக்கள் என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பக்கம்கூட இல்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, விண்விண்ணென்று தெறிப்பது, சுருக்கென்று இழுப்பது, பாறாங்கல்லைத் தூக்கி வைத்தாற்போல அழுத்துவது: ஒவ்வொன்றும் வேறு வேறு. ‘நெஞ்சு கரிக்கிறது’ என்பவரையும் ‘நெஞ்சைப் பிசைகிறது’ என்பவரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்க முடியுமா? ‘மயக்கமாக வருகிறது’ என்று ஒருவர் சொன்னால் தலைசுற்றலா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, நினைவு தப்பி விழுந்தாரா, வெறும் சோர்வா என்று பிரித்துக் கேட்காமல் எழுதிவிட்டால் அந்த ஒரு சொல்லே சிகிச்சையைத் திசைமாற்றிவிடும். ‘வாயுதான் சிஸ்டர், ஏப்பம் விட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்லிக்கொண்டே மாரடைப்போடு நடந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் குழுவில் இருந்த தேனிக்காரச் செவிலியர் ஒருவர், பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் கேட்டால் வயதானவர்கள் விழிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ‘நேற்று ஒரு ரூபாய்க்கு வலித்தது என்றால் இன்று எத்தனை காசு வலி மிச்சம்?’ என்று கேட்பதாகச் சொன்னார். கையேட்டில் இருக்க வேண்டியது அது.

இரண்டாம் நாள் நெஞ்சும் நுரையீரலும். நோயாளிக்குப் பதிலாகப் பயிற்சி செய்யும் பொம்மைகள் இரண்டே இரண்டு. ஒரு பொம்மைக்கு 21 பேர் என்றால் ஆளுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பொம்மையின் மூச்சொலி ரொம்பவும் துல்லியம். ஈரமுள்ள நுரையீரலின் நெறுநெறுப்பு, ஆஸ்துமாவின் விசில், எல்லாம் பாடப்புத்தகம் போலக் கேட்கிறது. வார்டில் அப்படிக் கேட்பதே இல்லை. பக்கத்துக் கட்டில் மானிட்டர் கத்தும், நோயாளி இருமுவார், நெஞ்சு ரோமம் ஸ்டெதாஸ்கோப்பில் உரசும்.

ஆனால் அன்று பிற்பகல் தட்டிப் பார்க்கும் வகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் ஆவென்பிரகர் விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி மது எந்த மட்டம்வரை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைச் சிறுவயதில் பார்த்தவர் என்று சொல்வார்கள். நோயாளியின் நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் முறையை 1761இல் நூலாக எழுதினார். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லானெக், முதன்முதலில் காகிதத்தைச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டது 1816இல்தான். ஆக, ஸ்டெதாஸ்கோப்புக்கும் மூத்தது விரல். மண்பானையையும் பலாப்பழத்தையும் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகிய நமக்கு இது புதுக் கலையே அல்ல. இடது நடுவிரலை விலா எலும்புகளின் இடையில் அழுந்தப் பதித்து, வலது நடுவிரலால் மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்ட வேண்டும். மற்ற விரல்கள் நெஞ்சில் படக் கூடாது, பட்டால் ஒலி மழுங்கும். என் முழங்கை இரும்பாக இருந்தது. பயிற்றுநர் என் கையைப் பிடித்துத் தளர்த்திவிட்டு, முதலில் என் தொடையில் தட்டச் சொன்னார், பிறகு கன்னத்தை உப்ப வைத்துத் தட்டச் சொன்னார். சதையின் மந்த ஒலியும் காற்றின் ஒலியும் பத்து நிமிடத்தில் பிடிபட்டன. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் தட்டும் ஒலி மந்தமாகும், நோயாளி பேசும்போது முதுகில் வைத்த கைக்கு அதிர்வும் குறையும். நிமோனியாவில் சளி கட்டியிருந்தாலும் ஒலி மந்தம்தான், ஆனால் அதிர்வு கூடும். ஒரே மந்தத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டுவது அந்த உள்ளங்கை.

மூன்றாம் நாளுக்கு வருகிறேன். அன்று பொம்மை கிடையாது. இணைந்த மருத்துவமனையின் புறநோயாளிகளில் சம்மதித்தவர்கள் ஏழு பேரை, பயணப்படியும் சாப்பாடும் கொடுத்து அழைத்து வந்திருந்தார்கள். எங்கள் ஆறு பேர் குழுவுக்கு வந்தவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 67 வயது. மனைவியும் உடன் வந்திருந்தார். நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. ஹிஸ்டரி கேட்கும் முறை எனக்கு வந்தது.

11 ஆண்டு அனுபவம் என்ற தெம்போடு உட்கார்ந்தேன். வரிசையாகக் கேட்டேன். இதயம் பலவீனம் என்றால் படுத்தால் மூச்சு முட்டும் அல்லவா, அதனால் தலையணையை அடுக்கித் தலையை உயர்த்திக்கொள்வார்கள், அதற்கான கேள்வியும் கேட்டேன்.

“ஐயா, எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?”

“ஒன்றுதான் தாயி.”

படுத்தால் மூச்சுத்திணறல் இல்லை என்று எழுதிவிட்டேன். எழுதி முடித்துப் பேனாவை எடுப்பதற்குள் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: “அவர் கட்டிலில் படுத்தே நாலு மாதம் ஆகிறது சிஸ்டர். சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். அந்தத் தலையணை கழுத்துக்கு வைக்கிறது.”

எனக்குக் காது சுட்டது. பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதிய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதும்வரை காத்திருந்தார். பிறகு எல்லாருக்கும் பொதுவாக, “ராத்திரி எங்கே, எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேளுங்கள். எண்ணிக்கையை அப்புறம் கேட்கலாம்” என்றார். ஐயா பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேரிடம் தலையணை எண்ணிக்கை கேட்டு நிறுத்தியிருப்பேன் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அதோடு முடியவில்லை. என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றதற்குப் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நீர் மாத்திரை என்று மூன்று சொன்னார். பயிற்றுநர் அந்த அம்மாவின் மடியில் இருந்த மஞ்சள் பையைக் காட்டி, அதைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். மேசையில் கொட்டியபோது நான்காவதாக ஓர் அட்டை. முட்டி வலிக்கு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரை, தினம் இரண்டு. “அது மருந்தில்லையே, வலி மாத்திரைதானே” என்றார் ஐயா. அந்த வகை மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், சிறுநீரகத்தைப் படுத்தும், இதயம் பலவீனமானவருக்கு வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் கூட்டும். நீர் மாத்திரை ஒரு பக்கம் இறைக்க, இது மறுபக்கம் ஊற்றிக்கொண்டிருந்தது. பயிற்றுநர் அப்போதே எழுந்து போய் அவருடைய மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் வகுப்பைத் தொடர்ந்தார். அந்தச் செயலுக்காகவே அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை.

பிறகுதான் உடலைத் தொட்டோம். கட்டிலின் தலைப்பக்கத்தை 45 டிகிரிக்கு உயர்த்தி, கழுத்தை லேசாக இடப்பக்கம் திருப்பச் சொல்லி, வலப்பக்கக் கழுத்துச் சிரையின் துடிப்பைத் தேடினோம். மார்பெலும்பின் மேட்டில் ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, துடிப்பின் உச்சியிலிருந்து இன்னொன்றைக் கிடையாக நீட்டி அளக்க வேண்டும். 3 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதிகம், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தேங்குகிறது என்று பொருள். ஐயாவுக்கு 6 இருந்தது. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது, மெல்ல மெல்லத்தான் நிரம்பியது. எழ முடியாமல் படுத்தே கிடப்பவர்களுக்குக் கால் தெளிவாக இருந்தாலும் இடுப்பின் பின்புறம் அழுத்திப் பார்க்கச் சொன்னார்கள். எங்கள் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் படுத்தே கிடப்பவர்கள், அதனால் இதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் வயிறும் நரம்பு மண்டலமும். வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும்: பார்த்த பிறகு கேட்க வேண்டும், அப்புறம்தான் தட்டுவதும் தொடுவதும், ஏனென்றால் அழுத்தினால் குடலின் ஒலி மாறிவிடலாம். வலிக்கிற இடத்தைக் கடைசியில் தொட வேண்டும், தொடும்போது கண் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். இவ்வளவும் நன்றாகச் சொல்லித் தந்தார்கள். ஆனால் வயிற்றைக் காட்டச் சம்மதித்து வந்த பெண்ணுக்கு ஒரு திரை இல்லை! 42 பேர் இருக்கும் அரங்கில் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு தயங்கியதைப் பார்த்து எங்களில் நான்கு பேர் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மானத்தைக் காப்பது பரிசோதனையின் முதல் படி என்று முதல் நாள் திரையில் போட்டவர்களே இதை மறந்தது எனக்குக் கோபம் வரவழைத்தது. அன்று பிற்பகல் 12 மூளை நரம்புகளையும் இரண்டு மணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் தேர்வு, சான்றிதழ், குழுப்படம். சாப்பாடு நன்றாக இருந்தது, குறிப்பாக ரசம்.

யார் போகலாம்? நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்குத் தயாராகிறவர்கள், தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நான்கைந்து ஆண்டாவது வேலை பார்த்தவர்கள் கண்டிப்பாகப் போகலாம். இப்போதுதான் படித்து முடித்து வந்தவர்கள் முதலில் ஓராண்டு வார்டில் நின்றுவிட்டுப் போனால் பணத்துக்குப் பலன் கிடைக்கும். பணம் கட்டும் முன் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு குழுவில் எத்தனை பேர், உண்மையான நோயாளிகளோடு எத்தனை மணி நேரம். எங்களுக்கு அது ஏறக்குறைய ஒரே நாளாகப் போயிற்று. மூன்று நாளாக இருந்திருந்தால் கூடுதலாக 2,000 ரூபாய் கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

திரும்பி வந்து மூன்று வாரமாகிறது. எங்கள் பிரிவில் புதிதாக யார் சேர்ந்தாலும் வீட்டாரிடம் மாத்திரைப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்கிறேன். ராத்திரி எங்கே தூங்குவார் என்று கேட்கிறேன். வேலை மாறும்போது எழுதித் தரும் தாளில் அதற்கு ஒரு வரி சேர்த்திருக்கிறேன், இரவுப் பணிக்கு வரும் தங்கைகளும் இப்போது அதை நிரப்புகிறார்கள். வலியையும் மூச்சையும் மயக்கத்தையும் சொல்ல நம் நோயாளிகள் பயன்படுத்தும் சொற்கள் 58ஐ, எந்தச் சொல்லுக்கு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்ற குறிப்போடு எழுதி, பயிற்றுநருக்கு அனுப்பினேன். அடுத்த அணியின் கையேட்டில் சேர்ப்பதாகப் பதில் எழுதியிருக்கிறார். ஜனவரியில் போகிறவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். விட்டுப்போன சொற்கள் உங்களிடம் இருந்தால், எந்த ஊர்ப் பேச்சு என்ற குறிப்போடு எனக்கு எழுதி அனுப்புங்கள்.