பைலட் படிப்பு: இரத்மலானையா, வெளிநாடா?

2019 ஒக்ரோபரில் சென்னை விமானம் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியதிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் டொக்டர், எஞ்சினியரோடு பைலட்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கேட்கவே சந்தோசமாக இருக்கிறது. ஆனால் காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற தாய் தகப்பனுக்கு என் பதில் இதுதான்: முதல் கட்டத்தை கொழும்புக்குக் கிட்ட இரத்மலானை விமான நிலையத்தில் இருக்கிற பறப்புப் பள்ளியில் முடியுங்கள், வெளிநாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அதற்கும் முன்னால் முதலாம் வகுப்பு மெடிக்கல், அதாவது வணிக விமானியாவதற்கான உடற்தகுதிச் சோதனை. எனக்குத் தெரிந்த ஒரு பெடியன், கணக்கில் கெட்டிக்காரன், நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணை வாசிக்கச் சொன்னபோது 29 இருந்த அட்டையில் 70 என்று சொன்னான். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை இருப்பது 20 வயதுவரை அவனுக்கே தெரியாது. ஒரு ரூபாயும் கட்டமுன் தெரியவந்ததே, அதுவே பெரிய காரியம். கண்ணாடி போடுகிற பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை, கண்ணாடியோடு பார்வை அளவுக்குள் வந்தால் போதும்.

சரி, இரத்மலானை. சம்பளமில்லாமல் பறப்பதற்கான தனியார் விமானி லைசன்ஸுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும், சம்பளத்துக்குப் பறப்பதற்கான வணிக விமானி லைசன்ஸுக்கு 200, அனுமதி பெற்ற பள்ளியில் ஒரே தொடராக முடிக்கிற பயிற்சியென்றால் 150. வெள்ளவத்தையில் அறை எடுத்தால் 100, 101 பஸ்ஸில் காலி வீதியால் போய்வரலாம். பறந்த மணிக்கு மட்டும் காசு கட்டுகிற இடமாகப் பார்த்துச் சேர்ந்தால், 40 மணியில் பிள்ளைக்கு இது சரிவராது என்று தெரிந்தாலும் மிச்சக் காணி மிஞ்சும். எனக்கு இதுதான் பெரிய விசயம். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு ரேடியோ ஆங்கிலம் முதலில் தடுமாறும், கட்டுப்பாட்டுக் கோபுரம் வேகமாகச் சொல்வதைத் திருப்பிச் சொல்லப் பழக வேண்டும், அதையும் வீட்டுக்குக் கிட்ட நின்று பழகுவது நல்லது. குறையும் இருக்கிறது: விமானங்கள் கொஞ்சம்தான், ஒன்று பழுதுபார்க்கப் போனால் வரிசை நீளும், தென்மேற்குப் பருவமழையில் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

வெளிநாட்டில் நல்ல பள்ளியென்றால் வேகம் உண்மைதான். ஆனால் என் மருமகன் ஒரு வெளிநாட்டுப் பள்ளிக்கு முழுக்காசையும் முன்கூட்டியே கட்டிவிட்டு, பறக்க விமானம் கிடைக்காமல் மாதக்கணக்கில் அறைக்குள் இருந்தான். திருப்பிக் கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். இங்கே திரும்பி வேலை தேடினால் அந்த லைசன்ஸை இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் மாற்றவேண்டும். அங்கேயே நிற்கலாமென்றால், ரொறன்ரோவில் மாமா இருப்பது போதாது. லைசன்ஸ் வேறு, அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை வேறு. இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

இரண்டு வழியிலும் 200 மணியோடு வேலை வந்து நிற்காது. கருவிப் பறப்பு (வெளியே தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே பறப்பது), பல எஞ்சின் தகுதிகள் வேண்டும், அப்புறம் ஏ320 அல்லது பலாலிக்கு வருகிற ஏரிஆர் 72 மாதிரி ஒரு வகை பயணிகள் விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி, அதாவது ரைப் ரேட்டிங், அதற்குத் தனிச் செலவு. விமானக் கம்பனியே தெரிவுசெய்து பயிற்றும் கடெற் திட்டம் கிடைத்தால் யோசிக்காமல் விண்ணப்பியுங்கள், எத்தனை வருடம் தங்களிடமே வேலை செய்யக் கட்டி வைக்கிறார்கள் என்பதை மட்டும் வாசித்துக் கையெழுத்துப் போடுங்கள். கிடைக்காதவர்கள் பயிற்சியாளர் தகுதி எடுத்து, சொல்லிக்கொடுத்தே மணிகளைச் சேர்க்கலாம். கப்டனாவதற்கான லைசன்ஸுக்கு 1500 மணி வேண்டும், ஆகவே அந்த வருடங்கள் வீணில்லை.

எங்கே சேர்த்தாலும் காசு கட்டமுன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விமானங்கள் நிறுத்திவைக்கிற ஹங்கருக்குப் போங்கள், வெளிநாடென்றால் அங்கே படிக்கிற பிள்ளையோடு பேசுங்கள். இன்றைக்குப் பறக்கிற நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர், போன மாதம் ஒரு மாணவர் எத்தனை மணி பறந்தார் என்று கேளுங்கள், முடிந்தால் அவருடைய பறப்புப் பதிவுப் புத்தகத்தையே வாங்கிப் பாருங்கள்.