ஹெப்பர்னின் இரண்டு ஆற்றுப் பயணங்கள்: எதை முதலில் பார்க்கலாம்?

‘ரூஸ்டர் காக்பர்ன்’ (1975), ‘தி ஆப்பிரிக்கன் குயின்’ (1951) இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே கரு. தகப்பனையோ தமையனையோ பறிகொடுத்த, மணமாகாத, பக்தி மிகுந்த பெண், குடிகாரத் துணைவன், வெடிபொருளோடு ஆற்றில் பயணம். இரண்டிலும் நாயகி கேத்தரின் ஹெப்பர்ன்தான்.

கதையாகப் பார்த்தால் பழைய படமே மேல். போதை தெளியாமல் கண்விழிக்கும் ஹம்ஃப்ரி போகார்ட் பார்க்க, அவருடைய ஜின் புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஆற்றில் கவிழ்ப்பார் ஹெப்பர்ன். முகத்தில் கோபமே இருக்காது, அதுதான் அழகு. அந்த மௌனச் சண்டையிலிருந்து காதல் வரை படம் நிதானமாக வளர்கிறது. போகார்டுக்கு ஆஸ்கர் கிடைத்ததில் வியப்பில்லை.

‘ரூஸ்டர் காக்பர்ன்’ ஒரு வெஸ்டர்ன், அதாவது குதிரையும் துப்பாக்கியுமான அமெரிக்க மேற்குப் பகுதிக் கதை. அதில் வில்லன்கள் சுமார்தான், துரத்தலும் இழுவை. ஆனாலும் எனக்குப் பிடித்தது இதுதான். ஜான் வெய்னும் ஹெப்பர்னும் 1907 மே மாதம் பிறந்தவர்கள். சேர்ந்து நடித்த ஒரே படம் இது. ஒற்றைக் கண்ணும் தொந்தியுமாக வெய்ன், பைபிளும் துப்பாக்கியுமாக ஹெப்பர்ன். அவர் வசனம் சொல்ல வெய்ன் முணுமுணுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வயதை மறைக்க இருவருமே முயலவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மலைகளும் ஆறும் கண்ணுக்கு விருந்து.

ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் என்றால் ஆப்பிரிக்கன் குயின். இரண்டு என்றால் அதையே முதலில் பாருங்கள். அப்புறம் வெய்னிடம் வாருங்கள்.