27,400 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குங்க

போன வாரம் என் பைக்குக்குப் போர் வேலை, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுகிற வேலை முடிந்து வண்டி வெளியே வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே பென்னாகரத்து நண்பர் போனில் பிடித்துவிட்டார். "பையனுக்கு வண்டி எடுக்கணும்பா. புதுசா, பழசா? நீதான் பழசு வாங்கி ஆறு வருஷமா ஓட்டறியே, சொல்லு." அவர் கேட்ட நேரம் சரியில்லை. அரை மணி நேரம் பேசினேன், அதில் இருபது நிமிஷம் எனக்கு வண்டி விற்றவருக்கு வெறும் திட்டு. ஆறட்டும் என்று நாலு நாள் விட்டு எழுதுகிறேன். முழுசாக ஆறவில்லை.

வண்டி 2014 மாடல் ஸ்ப்ளெண்டர். அதைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் தருமபுரியில் பழைய வண்டி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் 34,000 ரூபாய்க்கு எடுத்தேன். சிங்கிள் ஓனர், மீட்டரில் 27,400. "வாத்தியார் வண்டிங்ணா. வீடு, பள்ளிக்கூடம், அவ்வளவுதான் ஓட்டியிருக்கார்" என்றார் கடைக்காரர். எங்கள் பக்கம் விற்கிற பழைய வண்டியெல்லாம் வாத்தியார் ஓட்டியதுதான். அத்தனை வாத்தியார்கள் நிஜமாகவே இருந்தால் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் வருஷா வருஷம் நாம்தான் முதலில் வரவேண்டும்.

ஃபுட்ரெஸ்ட் ரப்பர் புதுசு, பிரேக் பெடல் ரப்பர் புதுசு, கைப்பிடியும் புதுசு. 27,000 ஓடிய வண்டிக்கு இதெல்லாம் எதற்கு மாற்றினார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பளிச்சென்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

நான் சொட்டுநீர்க் குழாய் போடும் வேலை செய்கிறேன். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளி, ராயக்கோட்டை என்று தினமும் நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பின்னால் குழாய்ச் சுருள், பக்கத்தில் ஃபிட்டிங்ஸ் மூட்டை. பாதியும் தக்காளித் தோட்டத்து மண் பாதை.

வாங்கி ஆறு மாசம் கழித்து பேட்டரி மாற்ற சைடு கவரைக் கழற்றினேன். உள்பக்கம் ஒரு ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர், பாதி உரிந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தார்கள்: அடுத்த ஆயில், 58,000. என் மீட்டரில் அப்போது 34,000கூட ஆகவில்லை.

கவரைக் கையில் எடுத்துக்கொண்டே தருமபுரிக்குப் போனேன். கடைக்காரர் ஒரு நிமிஷம்கூடத் தடுமாறவில்லை. "அது வேற வண்டி கவருங்ணா. ஒடைஞ்சிருந்துச்சு, நாங்கதான் மாத்திப் போட்டோம்." இதற்கு என்ன பதில் சொல்வது? உண்மையாகவும் இருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து மீட்டரைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். பெட்ரோல் போடும்போது, சிக்னலில் நிற்கும்போது, வண்டியைத் துடைக்கும்போது. வண்டியில் வேறு ஒரு குறையும் இல்லை என்பதுதான் அதிலும் கொடுமை.

இந்த மாதிரிப் பழைய வண்டியில் முன் சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் ஏறி மீட்டரைச் சுழற்றுகிறது. கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், கணக்கு ஓடாது. கைத்திறமை உள்ளவன் மீட்டரைப் பிரித்து எண்களையே பின்னால் திருப்பிவிடுவான்.

போன வாரம்தான் சந்தேகம் தீர்ந்தது. மூன்று மாசமாகப் புகை, மைலேஜ் அறுபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. மெக்கானிக் தம்பி பிளாக்கை இறக்கி, பிஸ்டன் தலையில் இருந்த கரியைத் தேய்த்துவிட்டுக் கூப்பிட்டான். "அண்ணா, இங்க பாருங்க." 50 என்று அச்சு. "கம்பெனி பிஸ்டன் இது இல்லண்ணா. ஏற்கெனவே போர் போட்டு அரை எம்எம் பெரிசு இறக்கியிருக்காங்க. இப்ப 75 போடணும். நீங்க போட்டீங்களா?" நான் போடவில்லை. வாத்தியார் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்தே சிலிண்டரைத் தேய்த்திருக்கிறார் போல.

7,800 ரூபாய் ஆனது. பணத்தை விடுங்கள். ஐந்து வருஷமாக "ஒருவேளை வேற வண்டி கவரா இருக்கும்" என்று அந்த ஆளுக்காக நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதுதான் ஆறவில்லை.

ஆனால் நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். ஏற்கெனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்த அந்த இஞ்சின், என்னிடம் வந்தபிறகு இன்னும் அறுபதாயிரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. மார்கழிக் காலையில் இரண்டாவது உதையைக் கேட்டதில்லை. பஞ்சர் தவிர வேறு எதற்காகவும் தள்ளியதில்லை. பொய் சொல்லி விற்றான், நல்ல வண்டியை விற்றான். இரண்டும் ஒரே ஆள்தான்.

கணக்குக்கு வருவோம், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பெட்ரோல், ஆயில், டயர் எப்படியும் எல்லா வண்டிக்கும் உண்டு, அவற்றை விடுவோம். பேட்டரி, செயின் செட், கோன் செட், ஃபோர்க் ஆயில் சீல், கிளட்ச் பிளேட், இப்போது போர், எல்லாம் சேர்த்து ஆறு வருஷத்தில் 23,000. வண்டியை இன்றைக்கு 22,000-க்குக் கேட்கிறார்கள். அப்படியானால் ஆறு வருஷத்துக்கு என் செலவு 35,000.

சித்தப்பா பையன் 2022-இல் புது 125 சிசி வண்டி எடுத்தான். கைக்கு வரும்போது 1,04,000, தவணை வட்டி தனியாக 11,000. போன ஆகஸ்டில் 62,000-க்குக் கேட்டார்கள், தீபாவளிக்குப் பிறகு விற்கலாம் என்று இருந்துவிட்டான். 2025 செப்டம்பர் 22-இல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 ஆனது. ஷோரூமில் நூறு ரூபாய் வண்டி ஏறக்குறைய தொண்ணூற்றிரண்டு ரூபாய் ஆனால், பழைய வண்டியை யார் அதே விலைக்கு எடுப்பார்கள்? தீபாவளி முடிந்து 55,000 என்றார்கள். மூன்றரை வருஷத்தில் அறுபதாயிரம் போய்விட்டது. இதில் அவன் தப்பு எதுவும் இல்லை.

புது வண்டி முதல் வருஷத்தில் ஏன் அப்படி விழுகிறது என்றால், நாம் கொடுத்ததில் கொஞ்சம் வண்டியே இல்லை. சாலை வரி முன்பு 8 சதவீதம், 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் வரை 10, அதற்கு மேல் 12. ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸை முதல் நாளே கட்டவேண்டும். விற்கும்போது இதற்கெல்லாம் யாரும் காசு தரமாட்டார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் அட்டவணையே போட்டிருக்கிறார்கள்: ஒரு வருஷம் முடியும்போது 15 சதவீதம் கழிவு, மூன்று முடியும்போது 30, ஐந்து முடியும்போது 50. எங்கள் ஊர்ச் சந்தையில் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் மட்டும் இந்த அட்டவணைக்குக் கட்டுப்படாது. தக்காளிக் கூடை ஏற்றுகிறவர் இருக்கும்வரை அதற்கு ஆள் இருக்கும்.

நண்பர் ஓசூர் பக்கம் வருகிற கேஏ நம்பர் கர்நாடக வண்டியையும் கேட்டார். விலை குறைவுதான். ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்றி முடிக்கும்போது குறைந்த விலை கூடிவிடும். எந்த வண்டியானாலும் பெயர் மாற்றுகிற படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்காமல் பணத்தைக் கொடுக்கவேண்டாம் என்றேன். இதை விற்கிறவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே நவீன்குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

என் கணக்கு பழசு வாங்கு என்கிறது. நான் நண்பரிடம் புதுசு எடு என்றேன். ஏன் என்றார். பையனுக்கு முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் இருக்கும், கார்புரேட்டர் தொல்லை இல்லை என்று ஏதேதோ சொன்னேன். அதெல்லாம் உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஓடுவதை ஒரு ஆளாவது பார்க்கட்டும் என்றுதான். நான் அடுத்த வண்டி எடுத்தால்? பழசுதான். கையில் காசு அவ்வளவுதான் இருக்கும்.

22,000-க்குக் கேட்ட புரோக்கர் நேற்று மறுபடி வந்தார். 2029-இல் பதிவின் பதினைந்து வருஷம் முடிகிறது, அதற்குள் தள்ளிவிடுங்கள் என்றார். பிறகு மீட்டரைக் குனிந்து பார்த்தார். 85,900. "எல்லாம் ஒரிஜினல் கிலோமீட்டர்தானே?"

கவர் கதையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, போன வருஷம் மீட்டர் கேபிள் அறுந்து, வேலை மும்முரத்தில் எட்டு மாசம் நான் மாற்றவே இல்லை.