ஸாப்பாவும் ஸாப்பா ரசிகர்களும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் ரசிகர்கள் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால், குசலம் விசாரித்து முடிப்பதற்குள் "நீங்க கேட்டது எந்த மிக்ஸ்?" என்று ஒருவர் கேட்டுவிடுவார். மிக்ஸ் என்றால், தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் எது தூக்கலாக, எது அடக்கமாக என்று சேர்த்த விதம். புதிதாக வருபவர்களுக்கு இது வீண் அலட்டலாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பல வருடம் கேட்ட பிறகு சொல்கிறேன், ஸாப்பாவின் இசையை இந்தப் பேச்சின் துணை இல்லாமல் சரியாகப் பயன்படுத்தவே முடியாது. மற்றவர்களிடம் ஆல்பத்தை வாங்கினோமா, கேட்டோமா என்று முடித்துக்கொள்ளலாம். இவரிடம் வாங்குவதற்கு முன்பே நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். அதனால் இது இசைக்கும், அதைச் சுற்றி ரசிகர்கள் ஓயாமல் பேசும் பேச்சுக்கும் சேர்த்து எழுதும் அனுபவம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1940-இல் பால்டிமோரில் பிறந்தவர். 1993 டிசம்பர் 4 அன்று, 52 வயதில், புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தார். உயிரோடு இருந்தபோது வெளியிட்டவை மட்டும் 62 ஆல்பங்கள். இறந்த பிறகு அவருடைய டேப் பெட்டகத்திலிருந்து எடுத்து வெளியிட்டவற்றையும் சேர்த்தால் நூறைத் தாண்டிவிடும். முதல் ஆல்பம் 'ஃப்ரீக் அவுட்!' 1966-இல் இரட்டை எல்பியாகவே வந்தது. ராக், டூ-வாப், ஜாஸ், ஆர்கெஸ்ட்ரா, கெட்ட வார்த்தைக் காமெடி எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. இவருடைய படைப்பை பிரெஞ்சு ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் பியர் பூலே நடத்தி ஆல்பமாக வந்திருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போன ஆல்பம் 1974-இல் வந்த 'அபாஸ்ட்ரஃபி' ஒன்றுதான், அதுவும் சரியாகப் பத்தாவது இடம். பெரும் கூட்டம் கடைசிவரை வரவில்லை. வந்தவர்கள் போகவும் இல்லை.

நூறு ஆல்பத்தில் எதிலிருந்து தொடங்குவது? இந்தக் கேள்வியை ரசிகர்கள் நடுவே போட்டால் அன்றைய பொழுது போய்விடும். ஒருவர் "வரிசையாக 66-இலிருந்து வா" என்பார். இந்த யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அப்படிப் போன நண்பர் ஒருவர் மூன்றாவது ஆல்பத்தோடு நின்றவர்தான், இன்றுவரை அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்னொருவர் தனக்குப் பிடித்த ஆர்கெஸ்ட்ரா ஆல்பத்தைத் தூக்கிக் கையில் கொடுப்பார். கொஞ்சம் நிதானமானவர்கள் "ஹாட் ராட்ஸ்" என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. 1969-இல், அப்போது புதிதாக வந்திருந்த பதினாறு டிராக் கருவியில் பதிவானது. ஒரே ஒரு பாட்டில் கேப்டன் பீஃப்ஹார்ட்டின் கரகரத்த குரல் வரும், மற்றதெல்லாம் வாத்தியம்தான். முதல் உருப்படி 'பீச்சஸ் என் ரிகேலியா' நாலு நிமிடம்கூட இல்லை, ஆனால் அதற்குள் ஒரு சின்னக் கல்யாண ஊர்வலமே போய் முடிந்துவிடும். அது பிடிக்கவில்லை என்றால் மீதி எதுவும் பிடிக்காது, பணம் மிச்சம்.

சரி, 'ஹாட் ராட்ஸ்' வாங்கலாம் என்று முடிவு செய்தாயிற்று. எந்த 'ஹாட் ராட்ஸ்'? இங்கேதான் மிக்ஸ் கதை ஆரம்பிக்கிறது. 1987-இல் சிடியாகப் போட்டபோது ஸாப்பா அதை மறுபடி மிக்ஸ் செய்தார். 'கம்போ வேரியேஷன்ஸ்' எல்பியில் பதிமூன்று நிமிடத்துக்குள் முடியும், சிடியில் பதினேழு நிமிடத்தைத் தொடும். சில வாத்தியங்கள் முன்னால் வந்தன, சில காணாமல் போயின. பிறகு 2012-இல் யூனிவர்சல் கம்பெனி வழியாக மொத்தப் பட்டியலும் மறுவெளியீடு ஆனபோது பழைய 1969 மிக்ஸ் திரும்பி வந்தது. எல்பி காலத்துப் பெரியவர்களுக்குச் சந்தோஷம். எண்பதுகளின் சிடியில் வளர்ந்தவர்களுக்கு அந்த நாலு நிமிடம் போனது வருத்தம். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். சாக்ஸபோன் ஓட்டத்துக்காக நீளமானதைத்தான் அதிகம் போடுகிறேன். இதைச் சொன்னால் சில பெரியவர்கள் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இதைவிடப் பெரிய சண்டை 1968 ஆல்பமான 'வீ ஆர் ஒன்லி இன் இட் ஃபார் த மணி' பற்றியது. ஹிப்பிகளையும் அவர்களை அடித்த போலீஸையும் ஒரே மூச்சில் கிண்டல் செய்த ஆல்பம். எண்பதுகளில் சிடிக்குத் தயார் செய்தபோது மூல டேப் சிதைந்துவிட்டது என்று காரணம் சொல்லி, பேஸ், டிரம்ஸ் இரண்டையும் அழித்துவிட்டுப் புதிய ஆட்களை வைத்து மறுபடி வாசிக்க வைத்தார் ஸாப்பா. ஆர்தர் பேரோ பேஸ், சாட் வாக்கர்மன் டிரம்ஸ். இருவரும் அருமையான கலைஞர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அறுபதுகளின் மங்கலான ஒலிக்கு நடுவே எண்பதுகளின் பேஸ் 'டப் டப்' என்று துள்ளுவதை ஒருமுறை கவனித்துவிட்டால் பாட்டில் வேறு எதுவும் காதில் விழாது. 1995 வெளியீட்டில்தான் பழையது திரும்பியது.

நான் இதை ஒரு பழைய சிடி விற்பனையாளரிடம் வாங்கினேன். "ஒரிஜினல் மிக்ஸ்" என்று எழுதியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், தபால் செலவு ஒரு பக்கம், சுங்கம் ஒரு பக்கம். வந்து சேர்ந்ததும் எனக்கு இந்தக் கிறுக்கைத் தொற்றவைத்த அண்ணனிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, அதே டிஸ்க்ல 'லம்பி கிரேவி' ஆல்பமும் சேர்ந்து இருக்கா?" இருந்தது. "அப்போ அது 86 சரக்கு. போட்டுப் பாக்கவே வேணாம்." போட்டுப் பார்த்தேன், டப் டப். விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, பதிலும் போடவில்லை. வாங்கப் போகிறவர்கள் இந்த அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ஆல்பம் ஒரே டிஸ்கில் என்றால் விலகி வந்துவிடலாம். இரண்டு வடிவமும் வேண்டும் என்கிற என்னைப் போன்ற ஆசாமிகளுக்கு 2009-இல் வந்த 'லம்பி மணி' தொகுப்பு இருக்கிறது.

இப்படியே போனால் ரசிகர் பேச்சு முழுக்க டேப் கணக்கு என்று நினைத்துவிடுவீர்கள். பாதி அதுதான். மீதிப் பாதியில்தான் ருசி. 'ஒன் சைஸ் ஃபிட்ஸ் ஆல்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'இன்கா ரோட்ஸ்'. ஜார்ஜ் ட்யூக் பாடுகிறார், ரூத் அண்டர்வுட் மரிம்பாவில் ஓடி விளையாடுகிறார், நடுவில் கிதார் தனியாக எழும்புகிறது. எத்தனையோ முறை கேட்டபின் ஒருநாள் பேச்சுவாக்கில் ஒருவர் சொன்னார், அந்தப் பாட்டின் அடித்தளம் 1974 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தொலைக்காட்சிப் பதிவில் எடுத்தது, கிதார் மட்டும் அடுத்த மாதம் ஹெல்சிங்கி கச்சேரியில் வாசித்ததிலிருந்து வெட்டி ஒட்டியது என்று. உடனே ஹெல்சிங்கி பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். 'யூ கான்ட் டூ தட் ஆன் ஸ்டேஜ் எனிமோர்' என்ற கச்சேரித் தொகுப்பு வரிசையில் இரண்டாவது, 1988-இல் வந்தது. ஆமாம், அதே விரல்கள்தான். ஒட்டிய இடத்தைக் கண்டுபிடிக்க முயன்று இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

அதே ஹெல்சிங்கி பதிவில் இன்னொன்று உண்டு. கூட்டத்திலிருந்து ஒரு ஃபின்லாந்துக்காரர் "விப்பிங் போஸ்ட்!" என்று கத்துகிறார். அது ஆல்மன் பிரதர்ஸ் என்ற வேறொரு ராக் குழுவின் பாட்டு. ஸாப்பாவின் குழுவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸாப்பா நிறுத்தி, என்ன கேட்டாய் என்று விசாரித்து, எங்களுக்குத் தெரியாதே, கொஞ்சம் முணுமுணுத்துக் காட்டேன் என்று வம்புக்கு இழுக்கிறார். அப்புறம் 'மான்டானா' பாட்டைத் தொடங்கி, வரிகளுக்கு நடுவே அந்த ஆளைக் கிண்டல் செய்துகொண்டே போகிறார். கதை அங்கே முடியவில்லை. சில வருடம் கழித்து 'விப்பிங் போஸ்ட்' பாடத் தெரிந்த பாபி மார்ட்டின் குழுவில் சேர்ந்ததும் நிஜமாகவே கற்றுக்கொண்டு மேடைகளில் வாசித்தார்கள். 1984-இல் 'தெம் ஆர் அஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அதுதான். ரசிகர்கள் எங்கே கூடினாலும் ஒரு ஆள் "விப்பிங் போஸ்ட்!" என்று கத்தாமல் இருக்கமாட்டார். முதலில் சிரிப்பு வரும், பத்தாவது தடவை எரிச்சல் வரும், அதற்கப்புறம் நாமே கத்த ஆரம்பித்துவிடுவோம்.

நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1979-இல் வந்த 'டச் மீ தேர்' ஆல்பம் வயலின் கலைஞர் எல். சங்கருடையது, தயாரித்தவர் ஸாப்பா. சங்கர் சென்னையில் பிறந்தவர். அப்பா வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்ததால் சிறு வயது இலங்கையில் போனது. எல். வைத்தியநாதனுக்கும் எல். சுப்ரமணியத்துக்கும் தம்பி. ஜான் மெக்லாஃப்லினோடு 'சக்தி' குழுவில் வாசித்துவிட்டு வந்தவர். அந்த ஆல்பத்தில் 'டெட் கேர்ள்ஸ் ஆஃப் லண்டன்' பாட்டை முதலில் பாடியவர் வேன் மாரிசன். அவர் குரலை வெளியிட முடியாமல் போகவே, ஸாப்பாவும் ஐக் வில்லிஸும் பாடி 'ஸ்டக்கோ ஹோம்ஸ்' என்ற பொய்ப் பெயரில் சேர்த்தார்கள். மேற்கத்திய ரசிகர்கள் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசினால் இந்தப் பொய்ப் பெயர்க் கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். வயலினைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எனக்கு இந்தக் கூட்டத்தின் மேல் உள்ள நிஜமான குறை இதுதான். அமெரிக்க ஆர்&பி சிங்கிள்களை லேபிள் நம்பரோடு சொல்பவர்கள், சங்கர் எந்த மரபிலிருந்து வந்தார் என்று கேட்டால் "இந்தியன் வயலின்" என்று முடித்துவிடுகிறார்கள்.

1978 அக்டோபர் 31 அன்று நியூயார்க் பலேடியத்தில் நடந்த ஹாலோவீன் கச்சேரியில் சங்கர் மேடையேறினார். அன்று வாசித்த 'தர்ட்டீன்' மேலே சொன்ன 'யூ கான்ட் டூ தட்' வரிசையின் ஆறாவது தொகுப்பில் இருக்கிறது. பெயருக்கேற்ப பதிமூன்று எண்ணிக்கை. எப்படி எண்ண வேண்டும் என்று ஸாப்பா கூட்டத்துக்குப் பாடம் எடுத்துவிட்டுத் தொடங்குகிறார். நம் ஊர் சபாவில் முன்வரிசை மாமாக்களிடம் கொடுத்திருந்தால் பாடமே தேவைப்பட்டிருக்காது, ஐந்தும் எட்டுமாகத் தொடையில் தட்டி முடித்திருப்பார்கள். பல வருடம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்த பேச்சில் நான் வாயைத் திறந்தது இந்த உருப்படி வந்தபோதுதான். தாளத்தை எப்படிப் பிரித்து எண்ணலாம், கமகம் எங்கே வருகிறது என்று நான் சொன்னதை நாலு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். ஐந்தாவது ஆள் "அது எந்த ஷோ, முதலாவதா இரண்டாவதா?" என்று கேட்டார். திருந்தாத ஜென்மங்கள்.

எந்தக் காலத்துக் குழு சிறந்தது என்ற சண்டையை நான் விளக்கப் போவதில்லை. என் ஓட்டு ட்யூக், அண்டர்வுட், நெப்போலியன் மர்ஃபி பிராக் இருந்த 1973-74 குழுவுக்கு.

பாட்டு வரிகள் விஷயத்தில் ரசிகர்களின் சமாதானம் எனக்குச் செல்லுபடி ஆகவில்லை. பெண்களைப் பற்றிய மட்டமான வரிகள் ஏராளம். எழுபதுகளின் கடைசி ஆல்பங்களை வீட்டு ஹாலில் ஸ்பீக்கரில் போட முடியாது. கேட்டால் "எல்லாம் நையாண்டி" என்பார்கள். 1985 செப்டம்பரில் அமெரிக்க செனட் குழு முன் உட்கார்ந்து, பாட்டு வரிகளுக்கு முத்திரை குத்துவதை எதிர்த்துப் பேசியவர் இவர். அந்த வாதம் எனக்கு முழுச் சம்மதம். தடை கூடாது என்பது ஒன்று, வரி நன்றாக இருக்கிறது என்பது வேறொன்று. ரசிகர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். நான் ஹெட்ஃபோனில் கேட்கிறேன், சில பாட்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

பராமரிப்புச் செலவு பற்றி: பொறுமைதான் பெரிய செலவு. 'லெதர்' என்ற நாலு எல்பி பெட்டியை 1977-இல் வெளியிட நினைத்து, கம்பெனித் தகராறில் முடியாமல் போக, வானொலியில் போட்டு எல்லோரும் டேப் செய்துகொள்ளுங்கள் என்றார் ஸாப்பா. அதிகாரபூர்வமாக வந்தது 1996-இல், அவர் இறந்த பிறகு. 1973 டிசம்பரில் ராக்ஸி அரங்கில் படம் பிடித்த கச்சேரி, ஒலியும் படமும் ஒத்துவராமல் கிடந்து, 2015-இல்தான் படமாக வந்தது. காத்திருந்தே கிழவர்களான ரசிகர்களைப் பார்த்திருக்கிறேன். வந்ததும் முதல் வேலையாக, அதே கச்சேரியிலிருந்து முன்பு வந்த ஆல்பத்தோடு ஒப்பிட்டு வெட்டு எங்கே என்று தேட ஆரம்பித்தார்கள்.

இப்போது வரும் பெரிய பெட்டிகளை நான் வாங்குவதில்லை. ஒரே வாரத்துக் கச்சேரிகள் ஏழு சிடி. ஒரே பாட்டு நாலு இரவில் நாலு விதம். அண்ணன் வாங்குகிறார், நான் அவர் வீட்டில் போய்க் கேட்கிறேன். புதிதாக வருபவர்கள் முதலில் 'ஹாட் ராட்ஸ்', பிறகு 'ஒன் சைஸ் ஃபிட்ஸ் ஆல்', அப்புறம் ஹெல்சிங்கி என்று போகலாம். கர்நாடக சங்கீதப் பக்கமிருந்து வருபவர்கள் நேராக 'தர்ட்டீன்' போடலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் 'ஜோஸ் கராஜ்' மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அதன் முடிவுக்கு முன்னால் வரும் 'வாட்டர்மெலன் இன் ஈஸ்டர் ஹே' கிதாரைத் தனியாக எடுத்துக் கேளுங்கள். அந்த ஆல்பத்தின் மற்ற கிதார் தனிகள் பெரும்பாலும் வேறு கச்சேரி டேப்பிலிருந்து எடுத்து ஒட்டியவை, இது இந்தப் பாட்டுக்காகவே வாசித்தது. இந்தத் தகவலும் ரசிகர் பேச்சில் கிடைத்ததுதான்.